வரிசையில் ஒன்பதாவது காபிக் கடை

பக்கத்தில் ஒரு கடைகூட இல்லாத இடமாகப் பார்த்துக் காபிக் கடை போடப் போகிறோம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று வள்ளி போனில் கூப்பிட்டபோது, நான் பினாங்கில் என் கடையின் பின்பக்கம் கோப்பி வடிக்கும் துணிப்பையை அலசிக்கொண்டிருந்தேன்.

வள்ளி என் சித்தப்பா மகள். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் புருசன் முருகேசன் பதினோரு வருடம் கத்தாரில் கட்டட வேலை பார்த்து, சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுத் திரும்பியவன். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் இருப்பதை வைத்து ஒரு தொழில்தான் தொடங்க முடியும். அது படுத்துவிட்டால் எழுப்ப ஆளில்லை.

எனக்குப் பினாங்கில் சந்தை முனையில் இருபது வருடமாகக் கடை. அதனால் குடும்பத்தில் நான்தான் இந்த விஷயத்தில் நிபுணர். அந்த ஒரு முனையைத் தவிர எனக்கு வேறு எந்த முனையும் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் காலையில் முருகேசன் என்னையும் வள்ளியையும் ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனான். எங்கே கடை போடக் கூடாது என்று எனக்குக் காட்டுவதற்காக.

"பாருங்க மதினி. இந்தப் பக்கம் ஏழு கடை, அந்தப் பக்கம் அஞ்சு. ஒருத்தன் வயித்துல ஒருத்தன் அடிக்கிறான். இதுக்குள்ள போயி நாமளும் நிக்கணுமாக்கும்?"

நான் ஒரு காபி வாங்கினேன். எங்கள் ஊரில் கொட்டையைச் சீனியும் வெண்ணெயும் போட்டுக் கருக வறுப்போம். நிறம் தார்போல இருக்கும். இங்கே சிக்கரி வாசனையும் மேலே ஒரு விரல்கடை நுரையும். முதல் வாய் பாயசம்போல இருந்தது. இரண்டாவது வாயில் பிடித்துவிட்டது. இன்னொன்று சொன்னேன்.

குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூடக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, பேருந்தைப் பார்த்தபடியே குடித்தார்கள். விசில் சத்தம் கேட்டதும் ஒருவர் பாதி டம்ளரைக் கீழே ஊற்றிவிட்டு ஓடினார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், எதனால் இந்தக் கடைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மூணாவது கடைல கூட்டமா இருந்துச்சு. இங்கன ஆளு கம்மி. பஸ்ஸு எடுத்துருவான்ல?" என்றாள்.

கூட்டம் முதலில் வரிசையைத் தேடி வருகிறது, கடை எதுவென்பது அப்புறம்தான் என்று அப்போது தோன்றியது. முருகேசனிடம் சொன்னேன். "நீங்க ரெண்டு காபி குடிச்சுட்டுக் கடைக்காரனுக்கு வக்கீலாயிட்டீங்க" என்று சிரித்தான்.

இரண்டாம் நாள் ஏர்வாடி. முருகேசனின் முதுகுக்காகத் தர்காவில் விளக்குப் போடுவதாக வள்ளிக்கு ஒரு வேண்டுதல். ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று பேர். என் ஒரு கால் வெளியே, இன்னொரு கால் யாரோ ஒருவரின் கோழிக்கூடையின் மேல். கோழி இரண்டு தடவை கொத்தியது.

தர்கா வாசலுக்கு எதிரே டீக்கடைகள் தோளோடு தோள் உரசி நின்றன. பேருந்து நிலையத்தில் இருக்கும் அவசரம் இங்கே இல்லை. மனநிலை சரியில்லாதவர்களை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நாங்கள் உட்கார்ந்த கடையை நடத்தியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு பெண் தன் அண்ணனை அழைத்துக்கொண்டு வந்தாள். அவன் கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாய் அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தார். அதை அவள் குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றினார்.

"ஒத்தைக் கையால குடிக்கணும்ல. நெறைய ஊத்துனா சிந்தி அவங்க மேலயே விழுந்துரும்" என்றார் பாய், நான் பார்ப்பதைப் பார்த்து.

"ஏன் பாய், எல்லாரும் இங்கனயே கடை போட்டிருக்கீக? கொஞ்சம் தள்ளிப் போட்டா வாடகை கொறையும்ல?" என்று கேட்டான் முருகேசன்.

"கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கவங்களால தூரமா நடக்க முடியாது தம்பி. அவங்களால எம்புட்டுத் தூரம் வர முடியுமோ, அம்புட்டுக்குள்ள நாங்க இருக்கோம். நீங்க கடை போடப் போறீங்களா? இன்ஷா அல்லாஹ், நல்லா நடக்கும்."

திரும்பும்போது முருகேசன் ஆட்டோவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். வள்ளி என்னைத் தாண்டி மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். இந்தக் கடையைப் பற்றி இருவருக்கும் நடுவில் ஏற்கெனவே சண்டை நடந்து முடிந்திருக்கிறது, என்னை நடுவராகத்தான் வரவழைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஆட்டோவில்தான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் ராமேஸ்வரம் பேருந்தில் ஏறினோம். அன்று அமாவாசை. உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்துக்கு முன்னால் டயர் வெடித்தது. இரண்டு பக்கமும் பனையும் சவுக்கும். தூரத்தில் ஒரு கோடுபோலக் கடல். எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். முருகேசன் முகம் மலர்ந்துவிட்டது.

"மதினி, இந்தா தெரியுதுல்ல, தகரக் கொட்டகை. அதுதான் நம்ம எடம். இப்ப அங்கன கடை இருந்தா இந்தப் பஸ்ஸு ஆளு அம்புட்டும் நம்மகிட்டத்தான காபி குடிக்கும்?"

உண்மைதான். அறுபது பேர் தாகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கே ஒரு நிமிடம் மனசு மாறியது. டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கண்டக்டரிடம் போய், வழக்கமாக இங்கே வண்டியை நிறுத்துவீர்களா என்று கேட்டேன்.

"இங்கன எதுக்குக்கா நிப்பாட்டணும்? ஆளு எறங்குனா நிப்பாட்டுவோம். எறங்குறதுக்கு இங்கன யாரு இருக்கா?" என்றவர், கையைத் துடைத்துக்கொண்டே, "இந்த ரோட்டுல எனக்கு டயர் வெடிச்சது இதுதான் மொதத் தடவ" என்றார்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரைக்கும் கோயிலின் கிழக்கு வாசலுக்கும் நடுவில் நடக்கவே இடமில்லை. கடலில் முழுகி, கோயிலுக்குள் கிணறு கிணறாகத் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ஈரத்துணியோடு வெளியே வருகிறவர்கள் முதலில் தேடுவது சூடான எதையாவதுதான். வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்தில் அப்பா தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "காபியா டீயா என்று என்னைக் கேட்காதே. ஆவி பறக்கிறதா, அதை வாங்கு." எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவ்வளவு புரிந்தது.

அங்கே ஒரு கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தவள் புஷ்பம். மன்னாரில் பிறந்து, சின்ன வயதில் படகில் வந்து, மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்தவள். தினமும் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். நான் "கோப்பி" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். அந்த உச்சரிப்பு எங்கள் இருவருக்கும் பொது.

நாங்கள் நின்றபோது புஷ்பத்துக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் கடைக்கு வந்த ஆளை அவர் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டாராம். "ஒரு நாளைக்கு உம்மட கையில சுடுதண்ணி ஊத்துறனா இல்லையா பாரும்" என்று கத்தினாள் புஷ்பம். அவர் அதைவிட உரக்கக் கத்தினார்.

ஐந்து நிமிடம் போயிருக்காது. அடுப்பிலிருந்த பால் திரிந்துவிட்டது. முன்னால் ஈரத்துணியோடு இருபது பேர். புஷ்பம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணே, பால்!" என்று குரல் கொடுத்தாள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு தூக்குவாளிப் பாலைத் தடுப்புக்கு மேலே நீட்டினார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஏன்க்கா, இப்பத்தான சண்டை போட்டீங்க?" என்று வள்ளி சிரித்துவிட்டாள்.

"ஏசுறது ஏசுறதுதான். பால் எண்டு வந்தால் குடுக்கத்தானே வேணும்?" என்றாள் புஷ்பம். "முகாமில செக்கிங் எண்டால் நான் கட்டாயம் நிக்க வேணும். அண்டைக்கு என்ட அடுப்பையும் அவர்தான் பாக்கிறவர். தனியப் போட்டால், பால் திரிஞ்ச அண்டைக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

வள்ளி முருகேசனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்தான்.

அன்று மாலை நான் ஒரு யோசனை சொன்னேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள், அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டுக் காபி விற்றுப் பார்ப்போம். வண்டிகள் நின்றால் நான் வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். நிற்காவிட்டால் அவன் வேறு இடம் பார்க்க வேண்டும். முருகேசன் உடனே ஒத்துக்கொண்டான். அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான்காம் நாள் லோடு ஆட்டோவில் அடுப்பு, பில்டர், பால் கேன், மேசையோடு நானும் முருகேசனும் போனோம். வள்ளி ஸ்கூட்டியில் வந்தாள். கடல்காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. வள்ளி ஓர் அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் முதல் டிகாஷன் இறக்கினேன். வாயில் வைத்ததும் உப்புக் கரித்தது.

"கொஞ்சம் உப்புத்தான். சீனி போட்டாச் சரியாயிரும்" என்றான் முருகேசன்.

வேன்கள் போயின. கார்கள் போயின. ராமேஸ்வரம் இன்னும் அரைமணி நேரம் என்ற வேகத்தில் போயின. ஜன்னலோரக் குழந்தைகள் கையாட்டினார்கள். ஒரு கார் நின்றது. முருகேசன் எழுந்து டம்ளரை எடுத்தான். "பாம்பன் பாலம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

பத்து மணிக்குப் புதுமடத்திலிருந்து மீன்பெட்டியோடு பைக்கில் வந்த இரண்டு பேர் பதறி நிறுத்தினார்கள். "என்னண்ணே, வண்டி எதுவும் படுத்துருச்சா? ரோட்டுல பாத்திரமெல்லாம் எறக்கி வச்சிருக்கீக?" காபிக் கடை என்றதும் சங்கடப்பட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக் குடித்தார்கள். குடித்த முகத்திலேயே தெரிந்தது. "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெண் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வெறும் தண்ணீர் கேட்டு, அதையும் துப்பிவிட்டு எழுந்து போனாள்.

கேன் தண்ணீர் வாங்க வள்ளி உச்சிப்புளிக்குக் கிளம்பிப் போனாள். நானும் முருகேசனும் மட்டும் இருந்தோம். அவன் முதுகைத் தகரத்தில் சாய்த்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் தம்பி, இந்த எடத்த மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டேன்.

கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "பதினோரு வருசம் மதினி. ஒரு ரூம்புல பன்னெண்டு பேரு. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன், பக்கத்துல ஒருத்தன். குளிக்க வரிச, சோத்துக்கு வரிச. திரும்பிப் படுத்தா அடுத்தவன் மூச்சு மூஞ்சில அடிக்கும். ஊருக்கு வந்தும் அது போகல. பஸ்ஸ்டாண்டுல அன்னிக்கு உங்களோட நின்னேன்ல, எனக்கு நெஞ்ச அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஆளு இல்லாம ஒரு எடத்துல நிக்கணும்னுதான் எனக்கு இருந்துச்சு. போட்டி இல்ல, அது இல்லன்னு சொன்னதெல்லாம் சும்மா."

வள்ளியின் ஸ்கூட்டி வந்து நின்றதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவள் கேனை இறக்காமல் நின்றாள்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? ஆளுகளக் கண்டா மூச்சு முட்டுதுன்னா? கேக்குறவன் சிரிக்க மாட்டான்?"

"நான் சிரிப்பேனா?"

வள்ளி கேனை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தாள். "அப்பக் கடையே வேணாம். எங்கய்யா வயலு இருக்கு, மொளகா போட்டுச் சாப்புடுவோம்."

"குனிஞ்சு மொளகா பறிக்க என்னால முடியாது. வீட்டுல சும்மா கெடந்தா அதவிட மூச்சு முட்டுது வள்ளி. கடை வேணும்."

மேசையை மடக்கினோம். மீதிப் பாலை அந்த ஆட்டுக்காரப் பெண்ணின் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தோம். கொட்டகைக்காரருக்கு முருகேசனே போன் போட்டு வேண்டாம் என்று சொன்னான். வந்த நாளிலிருந்து கடைகள் ஏன் கூடி நிற்கின்றன என்று அவனுக்கு விளக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் ஏன் விலகி நிற்கிறான் என்று நான்கு நாளாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்த நாள் முருகேசனுக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி. அவன் உள்ளே போனதும் நானும் வள்ளியும் எதிர்ச்சாரியில் போய் நின்றோம். எட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. நோயாளியோடு வந்தவர்கள் பிளாஸ்க்கோடு நின்றார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் டாக்டருக்கும் காத்திருக்கிறவர்கள் மெதுவாகக் குடிக்கிறார்கள். சிலர் குடிக்காமல் டம்ளரைச் சும்மா பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள்.

எட்டாவது கடைக்கு அப்பால் மூடிக் கிடந்த ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு அந்தப் பக்கம் வேலியில்லாத காலி மனை. வள்ளிதான் முதலில் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் படியில் நிற்க வைத்தாள்.

"அக்கா, இங்கன நின்னு பாருங்க. இந்தப் பக்கந்தான் கடை. அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. காத்து வருதுல்ல?"

வந்தது.

முருகேசன் வெளியே வந்ததும் அவனை அதே படியில் நிற்க வைத்தோம். அவன் வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். காலி மனையில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. "எங்க நின்னு அடுப்புப் பத்தவைக்கிறது?" என்று கேட்டான். வள்ளிக்கு அது போதுமாக இருந்தது.

எட்டாவது கடைக்கார அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். "காபி மட்டுந்தான? வடை போட மாட்டீகல்ல?"

"வடைக்கு ஒங்க கடைக்குத்தான் ஆளு அனுப்புவோம் பெரியம்மா" என்றாள் வள்ளி.

"அப்பச் சரி. குழாத் தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும். நல்ல தண்ணி. பிடிச்சு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார்.

கடை திறக்கும்போது நான் பினாங்கில் இருந்தேன். வள்ளி வீடியோவில் காட்டினாள். முதல் வாரம் கஷ்டமாக இருந்ததாம். கூட்டம் சேரும்போதெல்லாம் முருகேசன் காலி மனைக்குப் போய் நின்றுவிட்டு வருவானாம். அந்த நேரத்தில் வள்ளி அடுப்பைப் பார்ப்பாளாம். வள்ளியும் இல்லாத நேரத்தில் ஒருநாள் எட்டாவது கடை அம்மா வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டாராம்.

மூன்று மாதம் கழித்து முருகேசனே கூப்பிட்டான்.

"மதினி, பக்கத்துக் காலி மனைல ஒருத்தன் கொட்டகை போடுறான். டீக்கடையாம்."

திறந்திருந்த ஒரு பக்கமும் அடைபடப் போகிறது. "மனைக்காரர்கிட்டப் பேசிப் பாத்தியா தம்பி?"

"எதுக்குப் பேசணும்? அவனுக்கு இன்னும் தண்ணி கனெக்சன் வரல. நம்ம குழாயிலதான் பிடிச்சுக்கிறான்."

"அது சரி. ஒனக்கு எப்படி இருக்கு? மூச்சு?"

"முட்டத்தான் செய்யுது, அப்பப்ப. அடுப்பத் திருப்பிப் போட்டுட்டேன், ரோட்டப் பாக்குற மாதிரி. முன்னால தொறந்துதான கெடக்கு?" பின்னால் யாரோ டம்ளரை மேசையில் தட்டுவது கேட்டது. "வைக்கிறேன் மதினி, ஆளு நிக்குது."